விசுவாசத்தை விட்டுவிட்ட என் அண்ணன் இரட்சிப்பை இழந்துவிட்டாரா?

கேள்வி

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பல மாதங்களாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். வாதத்திற்காகக் கேட்கவில்லை, எனக்கு உண்மையாகவே விடை வேண்டும்.

என்னைவிட எட்டு வயது மூத்த என் அண்ணன்தான் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர். 18 வயதில் ஞானஸ்நானம் பெற்று, அதன்பின் 12 ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், "எனக்கு இனி விசுவாசம் இல்லை, இருப்பதுபோல் நடிக்கவும் என்னால் முடியாது" என்று பெற்றோரிடம் அமைதியாகச் சொல்லிவிட்டுச் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் கெட்ட வழிகளில் போகவில்லை. முன்பிருந்த அதே நேர்மையோடும் இரக்கத்தோடும்தான் இன்றும் வாழ்கிறார். கிறிஸ்துவை மட்டும்தான் விட்டுவிட்டார்.

எங்கள் போதகர், அண்ணன் ஒருபோதும் இரட்சிக்கப்பட்டிருக்கவில்லை என்கிறார். சபையின் மூப்பர் ஒருவர், ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் எப்போதும் இரட்சிக்கப்பட்டவரே, ஆகையால் கவலை வேண்டாம் என்கிறார். கத்தோலிக்கரான என் மாமியாரோ, அவர் அருளை இழந்துவிட்டார், ஆனால் திரும்பி வரலாம் என்கிறார். மூவரும் ஒரே வேதத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

போதகர் சொன்னது என்னை மிகவும் கலங்கச் செய்தது. 12 ஆண்டுகள் நான் அருகிலிருந்து பார்த்த விசுவாசம் உண்மையானதல்ல என்றால், என்னுடையது உண்மையானது என்பதை நான் எதை வைத்து அறிவேன்? இரண்டாவதாக, விசுவாசம் போய்விட்ட ஒருவரிடம் நற்செயல்கள் மட்டும் எஞ்சியிருந்தால், அவற்றுக்கு இரட்சிப்பில் எந்த இடமும் இல்லையா?

மறுமொழி 1

அன்புச் சகோதரி, நான் கால்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபை மரபில் வளர்ந்தவன். உங்கள் போதகர் சொன்னதும் மூப்பர் சொன்னதும் ஒரே உபதேசத்தின் இரு வடிவங்களாகத் தோன்றினாலும் அவை வெவ்வேறானவை என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன்.

மூப்பர் கூறுவது, ஒரு நாள் எடுத்த தீர்மானம் என்றென்றைக்கும் செல்லுபடியாகும், அதன்பின் அந்த மனிதர் என்ன ஆனாலும் சரி என்பதாகும். எங்கள் மரபு அப்படிப் போதித்ததில்லை. 1618 நவம்பர் முதல் 1619 மே வரை நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கம் வகுத்த உபதேசத்திற்குப் பரிசுத்தவான்களின் நிலைத்திருத்தல் என்று பெயர். தேவன் தாம் மறுபடியும் பிறப்பித்தவர்களைக் கடைசிவரை விசுவாசத்திலேயே காத்துக்கொள்கிறார் என்பதுதான் அதன் சாரம்; விசுவாசம் இல்லாமலேயே பரலோகம் சேர்க்கிறார் என்பதல்ல. மெய்யான விசுவாசிகளும் கொடிய பாவங்களில் விழக்கூடும் என்பதை அந்தச் சங்கம் மறைக்கவில்லை. தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அவர்கள் முற்றுமுடிய விழுந்துபோகத் தேவன் விடுவதில்லை என்கிறது.

"ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்ற யோவான் 10:28ஐயும், "உங்களில் நற்கிரியையைத் தொடங்கினவர்" அதை முடித்துவைப்பார் என்ற பிலிப்பியர் 1:6ஐயும் நாங்கள் ஆதாரமாகக் கொள்கிறோம். பிரிந்துபோனவர்களைப் பற்றி 1 யோவான் 2:19, "அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை" என்கிறது. உங்கள் போதகர் இந்த வசனத்தைத்தான் எண்ணியிருப்பார். ஆனால் யோவான் அதை எழுதியது, கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுதலித்து, சபையை வஞ்சிக்கப் புறப்பட்ட போதகர்களைப் பற்றி. துயரத்தோடு விலகி நிற்கும் ஒருவர்மேல் அதை அப்படியே தூக்கி வைப்பது அவசரம் என்றே நான் எண்ணுகிறேன்.

கிரியைகளைப் பற்றி ஒன்று. எபேசியர் 2:8, 9ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர் பத்தாம் வசனத்திற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கிரியைகளினால் அல்ல என்று சொன்ன அதே மூச்சில், நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பவுல் எழுதுகிறார். கனி மரத்தை உண்டாக்குவதில்லை; ஆனால் உயிருள்ள மரம் கனி கொடுக்காமல் இருப்பதுமில்லை.

மறுமொழி 2

முதல் மறுமொழி எழுதிய சகோதரரின் நிதானத்தை மதிக்கிறேன். ஆனால் அவருடைய முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. நான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்த சபையைச் சேர்ந்தவன். இரட்சிப்பை இழக்க முடியும் என்று வேதம் எச்சரிக்கிறது என்றே நாங்கள் வாசிக்கிறோம்.

எபிரெயர் 6:4 முதல் 6 வரை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அங்கே சொல்லப்படுகிறவர்கள் பிரகாசிப்பிக்கப்பட்டவர்கள், பரம ஈவை ருசிபார்த்தவர்கள், பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள். இவர்கள் தொடக்கத்திலிருந்தே வெறும் பெயர்க் கிறிஸ்தவர்கள் என்று சொல்ல வேண்டுமானால், மெய்யான கிறிஸ்தவரை விவரிக்க நமக்கு வேறு எந்தச் சொற்கள் மிஞ்சும்? யோவான் 15இல், "என்னில்" இருக்கிற கொடியே அறுத்துப்போடப்படுகிறது. வேறொரு செடியின் கொடியல்ல. ரோமர் 11இல் ஒட்டவைக்கப்பட்ட கிளைகளைப் பார்த்து, தேவனுடைய தயவிலே நிலைத்திராவிட்டால் நீயும் வெட்டுண்டுபோவாய் என்று பவுல் சொல்கிறார். நடக்கவே முடியாத ஒன்றைக் குறித்து அப்போஸ்தலர்கள் இவ்வளவு கண்ணீரோடு எச்சரித்திருப்பார்களா?

வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. டார்ட் சங்கம் எதிர்த்த கருத்துகளுக்கு மூலவரான நெதர்லாந்து இறையியலாளர் ஆர்மீனியுஸ் 1609இல் இறந்தபின், 1610இல் அவருடைய ஆதரவாளர்கள் சமர்ப்பித்த ஐந்து கூற்றுகளில் ஐந்தாவது, மெய்விசுவாசி முற்றிலுமாக விழுந்துபோகக்கூடுமா என்பதைத் தீர்மானிக்காமல், வேதத்திலிருந்து இன்னும் ஆராயப்பட வேண்டிய ஒன்று என்றே விட்டது. பின்னரே அவர்கள் இழக்க முடியும் என்ற நிலைக்கு வந்தார்கள். டார்ட் சங்கத்தின் எதிராளிகள் எனப்பட்ட இவர்களும்கூட இந்தக் கேள்வியை அஞ்சியே அணுகினார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். லூத்தரன் மரபும் இந்த இடத்தில் சீர்திருத்த மரபோடு நிற்பதில்லை. ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்று போதிப்பவர்களை 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை வெளிப்படையாகக் கண்டிக்கிறது. 1537இல் லூத்தர் தாமே, தாவீது விபசாரத்திலும் கொலையிலும் விழுந்தபோது விசுவாசமும் ஆவியும் அவரை விட்டுப் போயிருந்தன என்று எழுதினார். ஆகவே, விசுவாசத்தினாலே மாத்திரம் என்று முழங்கியவரே அதை இழக்க முடியும் என்றும் நம்பினார். இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவையல்ல.

எங்கள் தரப்பிலும் ஒரு கடினமான இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே எபிரெயர் 6, மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்கிறது. இதை நேர்ப்பொருளில் எடுத்தால், உங்கள் அண்ணனுக்குக் கதவு அடைபட்டது என்றாகிவிடும். ஆனால் வெஸ்லி, பின்மாற்றம் அடைந்தவர்களுக்கென்றே ஒரு பிரசங்கம் எழுதி, விழுந்து மீண்டும் எழுந்தவர்கள் ஏராளம் என்று சாட்சி கொடுத்தார். எச்சரிக்கையை முடித்த கையோடு ஒன்பதாம் வசனத்தில் அந்த நிருபத்தின் ஆசிரியரும், "பிரியமானவர்களே" என்று அழைத்து, உங்களிடத்தில் இதைவிட நன்மையானவைகள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். கல்லறைமேல் எழுதும் வாசகமாக அல்ல, பள்ளத்தின் ஓரத்தில் நிற்பவனைக் கூவி அழைக்கும் குரலாகவே அந்த அதிகாரத்தை நான் கேட்கிறேன்.

சகோதரி, உங்கள் அண்ணனிடம் என்ன நடந்தது என்று யாராவது கேட்டார்களா? அவர் போய்விட்டார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எந்த இடத்தில் அவரால் மேலே நடக்க முடியாமற்போனது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மறுமொழி 3

உங்கள் மாமியாரின் தரப்பில் பேச ஒருவரும் வராததால் எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கப்படி மீட்பு, நம்பிக்கை, அருள் என்ற சொற்களைப் பயன்படுத்துகிறேன். பொருள் ஒன்றே.

நாங்கள் செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கலாம் என்று நம்புவதாகப் பலர் எண்ணுகிறார்கள். 1547 ஜனவரி 13 அன்று எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஏற்புடைமையாதலைப் பற்றி (நீங்கள் நீதிமானாக்கப்படுதல் என்பது) வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் ஒருவர் கடவுளுக்கு ஏற்புடையவராக முடியும் என்பவரைச் சபிக்கிறது. தொடக்கம் முழுவதும் அருளே. ஆனால் அந்த அருளோடு மனிதர் ஒத்துழைக்கிறார், அதில் வளர்கிறார், சாவான பாவத்தால், அதாவது அறிந்தும் மனமாரவும் செய்யும் கனமான பாவத்தால், அதை இழக்கவும் கூடும். இழந்தவர் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியாக மீண்டும் பெறலாம். தாம் கடைசிவரை நிலைத்திருப்போம் என்பதைத் தனிப்பட்ட வெளிப்பாடு இன்றி முழு உறுதியோடு எவரும் சொல்லக்கூடாது என்றும் அச்சங்கம் கூறியது. இது பயத்தை வளர்ப்பதற்காக அல்ல. நம்பிக்கையை நம்மேல் வைக்காமல் கடவுள்மேல் வைப்பதற்காக.

பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். "நம்பிக்கையினால் மட்டும்" என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24; அங்கும் அது "மட்டும் அல்ல" என்று மறுக்கப்படுகிறது. 1522இல் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் உரோமையர் 3:28இல் "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்ததும், யாக்கோபின் திருமுகத்தை வைக்கோல் என்று குறிப்பிட்டதும் அனைவரும் அறிந்தவை. ஆயினும், இருவரும் ஆபிரகாமையே சான்றாகக் கொண்டாலும், ஒரே நிகழ்ச்சியைச் சுட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பவுல் தொடக்க நூல் 15ஐ எடுக்கிறார்: விண்மீன்களைக் காட்டிக் கடவுள் வாக்களித்தபோது, ஆபிராம் நம்பினார். யாக்கோபோ 22ஆம் அதிகாரத்திற்குப் போகிறார்: அந்த வாக்கின் பிள்ளையையே பலிபீடத்தில் கிடத்தும் நாள். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதரின் வாழ்க்கையே கிடக்கிறது. முதல் நாளின் நம்பிக்கை உண்மையானதா என்பது அந்த நாளிலேயே முடிந்துவிட்ட கேள்வியா, அல்லது மலைமேல் ஏறும்போதுதான் அது நிறைவடைகிறதா என்பதே நம் சபைகளைப் பிரித்த கேள்வி.

அந்தப் பிரிவும் முன்போல் அவ்வளவு ஆழமாக இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். நம் தகுதி எதனாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார்; ஏற்றுக்கொண்டவர்களைத் தூய ஆவி நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்று அவர்கள் ஒருசேர அறிக்கையிட்டார்கள்.

அண்ணனைப் பற்றி: 250ஆம் ஆண்டு, கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் டேசியுஸ் காலத்தில் உயிருக்கு அஞ்சிக் கிறிஸ்துவை மறுதலித்தவர்கள் பலர். அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று ரோமையின் குருவான நொவாத்தியானுஸ் பிரிந்து போனார். திருச்சபை அவர் பக்கம் நிற்கவில்லை. 325இல் நிசேயா சங்கத்தின் பதினோராம் விதி, எந்தக் கட்டாயமும் இல்லாமல் மறுதலித்தவர்களுக்குக்கூட 12 ஆண்டுத் தவ வழியொன்றை வகுத்தது: வாசகங்களைக் கேட்பவர்களாக மூன்று ஆண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்றாடுபவர்களாக ஏழு ஆண்டு, நற்கருணை இன்றி மக்களோடு சேர்ந்து வேண்டுபவர்களாக இரண்டு ஆண்டு. நீண்ட வழிதான். ஆனால் அது கதவு அடைக்கப்பட்ட வழியல்ல.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் மறுமொழி எழுதிய சகோதரருக்கு ஒரு மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். மெய்விசுவாசி கடைசிவரை நிலைத்திருப்பார், நிலைத்திராதவர் மெய்விசுவாசி அல்ல என்றால், கடைசி நாள்வரை எவரும் தம்மைப் பற்றி எதையும் அறிய முடியாது. இழக்கவே முடியாது என்ற உபதேசம் ஆறுதல் தருவதற்காக வந்தது. எனக்கோ அது இழக்க முடியும் என்பதைவிடப் பெரிய அச்சத்தைத் தருகிறது. இழக்க முடியுமென்றால் குறைந்தபட்சம் இன்று என்னிடம் அது இருக்கிறது என்றாவது சொல்லலாமே.

மறுமொழி 4

மேலே உள்ளவர்களைப்போல் இறையியல் கற்றவளல்ல நான், தமிழ் கற்பிக்கிறவள். சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"விசுவாசம் மட்டும் போதுமா" என்று கேட்கும்போது, விசுவாசம் என்றால் ஒரு செய்தியை உண்மை என்று ஏற்பது என்ற பொருளை நாம் அறியாமலே எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பொருளில் அது போதாது என்பதை யாக்கோபு 2:19 ஒரே வரியில் முடித்துவிடுகிறது: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. ஆனால் தமிழில் விசுவாசமுள்ள ஊழியன் என்கிறோம். எசமான விசுவாசம் என்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்கு ஏற்பு என்பது பொருளல்ல, மாறாத பற்று என்பதே பொருள். மூலமொழியான கிரேக்கத்தின் பிஸ்திஸ் என்ற சொல்லும் இந்த இரு பொருளையும் தாங்கி நிற்பது. மத்தேயு 23:23இல் நீதியோடும் இரக்கத்தோடும் சேர்த்துச் சொல்லப்படும் விசுவாசம் இந்த இரண்டாம் பொருளுக்கே நெருக்கமானது. ரோமர் 3:3இல் மனிதருடைய அவிசுவாசம் தேவனுடைய உண்மையை அவமாக்குமோ என்று வாசிக்கிறோமே, அந்த "உண்மை" என்பதும் மூலத்தில் பிஸ்திஸ்தான். தேவன் நம்மைக் குறித்து எதையோ நம்புகிறார் என்பதல்ல, தம் வாக்கில் மாறாதிருக்கிறார் என்பதே அங்கே பொருள். விசுவாசத்தை இப்படிப் புரிந்துகொண்டால், அதற்குமேல் கிரியைகளைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி பாதி கரைந்துவிடுகிறது. பற்றுள்ளவரின் நடத்தை அந்தப் பற்றுக்கு வெளியே இருப்பதல்ல.

விடாதிருப்பது யார் என்பதே மீதிப் பாதி. சரணாகதியைப் பற்றி வைணவ ஆசாரியர்கள் வாதிட்டபோது எடுத்தாண்ட பழைய உவமை ஒன்று தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்: குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இரு சமயங்களின் உபதேசங்களும் ஒன்றல்ல. அவற்றைக் குழப்ப நான் விரும்பவில்லை. ஆனால் இங்கே நடக்கும் விவாதத்தின் வடிவம் அதுதான். எபிரெயர் 3:14, உறுதியாய்ப் பற்றிக்கொண்டிருப்போமாகில் என்கிறது. யோவான் 10, என் கையிலிருந்து பறிக்க முடியாது என்கிறது. பிலிப்பியர் 3:12இல் பவுல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுகிறார்: தாம் எதற்காகக் கிறிஸ்துவினால் பிடிக்கப்பட்டாரோ, அதைத் தாம் பிடித்துக்கொள்ளும்படி தொடர்கிறார். அவர் ஓடுவது, பிடிக்கப்படுவோமா என்ற ஐயத்தினால் அல்ல.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

சகோதரி, உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. எங்கள் மரபைச் சேர்ந்த, 1640களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18ஆம் அதிகாரம் இதற்கென்றே எழுதப்பட்டது. நான் இரட்சிக்கப்பட்டேன் என்ற நிச்சயம் விசுவாசத்தின் சாரத்தோடு பிரியாமல் ஒட்டியதல்ல. மெய்யான விசுவாசி அதற்காக நெடுங்காலம் காத்திருக்கவும் போராடவும் நேரலாம் என்று அது சொல்கிறது. என் விசுவாசம் மெய்யானதா என்று விசுவாசத்தையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருப்பவர் ஒருபோதும் இளைப்பாற மாட்டார். கண் தன்னைத் தானே பார்ப்பதற்கன்று, கிறிஸ்துவைப் பார்ப்பதற்கு. நான் முப்பது வயதில் இரண்டு ஆண்டுகள் அந்தச் சோதனையில் கிடந்தவன்; அனுபவத்தினால் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இரண்டாம் மறுமொழியில் கேட்கப்பட்ட கேள்வி என்னை உறங்கவிடவில்லை. நேற்றிரவு அண்ணனை அழைத்து, எந்த இடத்தில் நின்றுபோனது என்று முதன்முறையாகக் கேட்டேன். மூன்று ஆண்டுகளில் ஒருவரும் கேட்கவில்லை என்றார். ஞாயிறு பள்ளியில் கற்பித்த கடைசி இரண்டு ஆண்டுகளில் அவரால் தனிமையில் ஜெபிக்கவே முடியவில்லையாம். யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கற்பித்து வந்திருக்கிறார். "முதல் பத்து ஆண்டுகள் பொய்யல்ல, அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுக்க வேண்டாம்" என்றார். மறுபடியும் பேசலாமா என்று கேட்டதற்குச் சரி என்றார். 2 தீமோத்தேயு 2:12, 13ஐ வாசித்தபடி இருக்கிறேன். நாம் அவரை மறுதலித்தால் அவரும் நம்மை மறுதலிப்பார் என்ற வசனமும், நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும் அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார் என்ற வசனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. எது என் அண்ணனுக்குரியது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மறுமொழி எழுதிய சகோதரரே, அந்தப் பத்து ஆண்டுகளை உங்கள் மரபு என்ன பெயரிட்டு அழைக்கும்?

மறுமொழி 1-ஐ எழுதியவர்

பொய் என்று அழைக்காது, சகோதரி. டார்ட் சங்கத்தின் அதே ஆவணத்தில், மூன்றாம் நான்காம் தலைப்புகளின் பதினைந்தாம் கூற்று, விசுவாசத்தை அறிக்கையிட்டு அதற்கேற்ப நடக்கிறவர்களைக் குறித்து நாம் மிகுந்த நல்லெண்ணத்தோடு தீர்மானிக்கவும் பேசவும் வேண்டும் என்கிறது. இருதயத்தின் உள்ளறைகள் நமக்குத் தெரியாதவை என்பதே அது கூறும் காரணம். நீங்கள் கண்ட அந்தப் பத்து ஆண்டுகளை நீங்கள் கண்டபடியே வைத்துக்கொள்ளலாம். இன்று அவர் இருக்கும் இடத்தை முடிவு என்று எழுத எனக்கோ உங்கள் போதகருக்கோ அதிகாரம் இல்லை. அவர் மறுபடியும் பேசச் சம்மதித்திருக்கிறார். அடுத்த முறை அழைக்கும்போது, தனிமையில் ஜெபிக்க முடியாமற்போன அந்த முதல் இரவைப் பற்றிக் கேளுங்கள்.